பதனிடக் கூடாத ஒரு தோல்: பி.எச். மீட்டரின் நுனி குறித்துச் சில ஆய்வு முடிவுகள்

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் தோல் படும் பாடு எல்லோரும் அறிந்தது. அந்தத் தோலை அளக்கும் கருவி படும் பாடோ அறிஞர் கவனத்துக்கு இன்னும் எட்டவில்லை. ஆட்டுத்தோல் சுண்ணாம்பில் கிடக்கும்போது அதைச் சுற்றியுள்ள நீரின் பி.எச். 12.5 அளவில் இருக்கும். உப்பும் அமிலமும் சேர்ந்த பிக்கிளிங் முடியும்போது 2.8 அளவுக்கு இறங்கிவிடும். ஓர் அலகு இறங்கினால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்து மடங்கு ஏறும் என்பதால், 9.7 அலகு இறக்கம் ஏறத்தாழ 500 கோடி மடங்கு ஏற்றம். தோல் இந்தப் பயணத்தை வாழ்நாளில் ஒரே முறைதான், அதுவும் ஆடு இறந்த பிறகுதான், மேற்கொள்கிறது. மீட்டரின் மின்வாயோ ஒரே ஷிப்டில் பல முறை போய்த் திரும்புகிறது. ஆகவே இக்கட்டுரையின் துணிபு இது: மின்வாயின் நுனியிலுள்ள கண்ணாடிக் குமிழும் ஒரு தோலே. இன்னும் துல்லியமாகச் சொன்னால், பிக்கிளிங் முடிந்து, பதனிடும் குரோம் உப்பு இன்னும் ஏறாத தோல். அதைக் கழுவுவதும் காப்பதும் அந்த நிலைக்குரிய விதிப்படியே நடக்க வேண்டும்.

கண்ணாடி எப்படித் தோலாகும் என்பது முதல் பூர்வபட்சம். பி.எச். அளப்பது குமிழின் கண்ணாடி முழுவதும் அன்று. அதன் மேற்பரப்பில் நீர் ஊறி உண்டான மிக மெல்லிய படலந்தான் ஹைட்ரஜன் அயனிக்கு மறுமொழி தருகிறது. ஈரம் உள்ளவரை அது வேலை செய்யும். உலர்ந்தால் விறைத்துக்கொண்டு மந்தமாகும், எண்கள் தள்ளாடும். பதனிட்ட தோலுக்கும் பச்சைத் தோலுக்கும் உள்ள வேறுபாடும் இதுதான். பதனிட்டது காய்ந்தாலும் நனைந்தாலும் தோலாகவே இருக்கும்; பதனிடாதது காய்ந்தால் தகடு. டேனரியில் பிக்கிளிங் செய்த தோலை உடனே குரோமுக்கு அனுப்ப முடியாவிட்டால், உப்பும் அமிலமுமான ஈரத்திலேயே மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். மின்வாய்க்கு விதிக்கப்பட்டிருப்பதும் உப்பு ஈரமே: 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு, அதாவது 100 மில்லி கரைசலில் 22.4 கிராம். அது கைவசம் இல்லாத அவசரத்தில் பி.எச். 4 பஃபரில் நிறுத்தச் சொல்வார்கள். உப்போடு கொஞ்சம் அமிலம்! இதைத் தற்செயல் என்று ஒதுக்குபவர் ஒதுக்கட்டும்.

உலகிலேயே தூய்மையானது காய்ச்சி வடித்த நீராயிற்றே, அதில் வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் இரண்டாம் அணியினர். இவர்கள் எண்ணிக்கையில் மிகுந்தவர்கள், நல்லெண்ணம் உடையவர்கள், ஆகவே அபாயகரமானவர்கள். பிக்கிளிங் தோலை உப்பில்லாத வெறும் நீரில் போட்டால் அது ஊதிப் பெருத்துக் கெடும் என்று டிரம் ஓட்டுபவர் யாரும் சொல்வார். மின்வாய் ஊதாது, மாறாக, அதன் உள்ளே இருக்கும் உப்புக் கரைசல் நுண்துளை அடைப்பின் வழியே வெளியேறி நீர்த்துப்போகும். இரண்டு இடத்திலும் குற்றவாளி ஒன்றே: செறிவு வேறுபாட்டால் எழும் நகர்வு. அப்படியானால் கொட்டடியில் மலைபோல் கிடக்கும் சோற்றுப்பு போதாதா என்றால், அற்றன்று. பொட்டாசியம் அயனியும் குளோரைடு அயனியும் நீரில் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் நடப்பவை, சோடியம் பின்தங்கும். அந்தப் பின்தங்கலே ஒரு சிறு மின்னழுத்தமாகி அளவைக் கெடுக்கும். தவிர, தோலில் போட்ட உப்பில் உப்பை விரும்பும் சிவப்புக் கிருமிகளும் குடியிருக்கும்.

கழுவுதலில் இத்துணிபு இன்னும் வலுப்பெறுகிறது. சுண்ணாம்புத் தொட்டியில் மயிர் கழற்றச் சோடியம் சல்ஃபைடும் இருக்கும். அந்த சல்ஃபைடு மின்வாயின் நுண்துளைக்குள் புகுந்து, அங்குள்ள வெள்ளியோடு கூடிக் கறுப்பாய்ப் படியும். அமிலம் கலந்த தயோயூரியாவில் ஊறினால்தான் போகும். புரதம் படிந்தாலோ, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்த பெப்சின் வேண்டும். தோலிலிருந்து வேண்டாத புரதத்தை நொதி கொண்டு நீக்குவதற்கு டேனரியில் பேட்டிங் என்று பெயர். முன்பு நாயெச்சமும் புறா எச்சமும் செய்த அந்த வேலையை 1907இல் ஜெர்மனியின் ஓட்டோ ரோம் கணைய நொதிக்கு மாற்றிக் கொடுத்தார். இரண்டே ஆண்டில், 1909இல், கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் சோரன்சன் நொதிகளை ஆராய்ந்தபோதுதான் பி.எச். என்ற அளவே பிறந்தது. ஆக, நொதியை அளக்கப் பிறந்த அளவுகோல் இன்று நொதியாலேயே குளிக்கிறது. (வீட்டில் பீர் காய்ச்சுவோரும் இதே மின்வாயை இதே உப்பில்தான் வைக்கிறார்கள். தமிழ்நாட்டில் அந்தக் காய்ச்சலுக்குச் சட்டம் இடம் தராததால் அப்பிரிவை இங்கே விரிக்கவில்லை.) கழுவியபின் லுங்கி முனையால் தேய்ப்பது மட்டும் எந்த மரபிலும் இல்லை. தேய்த்தால் நிலைமின்னேற்றம் ஏறி எண் அலைபாயும். மெல்லிய தாளால் ஒற்றி எடுப்பதே முறை.

மீட்டரே எதற்கு, தோலைக் குறுக்கே வெட்டிப் புரோமோகிரிசால் கிரீன் இரண்டு சொட்டு விட்டால் மஞ்சளோ பச்சையோ நிறமே சொல்லுமே என்பது அனுபவசாலிகளின் வாதம். அதற்கு உரிய மரியாதையுடன் பதில்: அமிலம் தோலின் நடுவரை போயிற்றா என்று சொட்டு சொல்லும்; 3.8க்கும் 4.0க்கும் உள்ள இடைவெளியைச் சொல்லாது. குரோம் கடைசியில் தோலோடு பிணையும் இடம் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது.

எஞ்சியிருப்பது பொறுப்பு யாருடையது என்ற சட்டக் கேள்வி. இதற்கு முன்மாதிரி தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. பாலாற்றையும் நிலத்தடி நீரையும் டேனரிக் கழிவு கெடுத்தது தொடர்பான வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும், மாசு செய்தவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. அவ்வளவு பெரிய துயரத்தில் விளைந்த கோட்பாடுகளை இவ்வளவு சிறிய குமிழுக்கு இழுப்பது தகுமா எனலாம். ஆனால் உப்புக் கரைசல் நிரப்பிய ரப்பர் மூடியை விட மலிவான முன்னெச்சரிக்கை வேறில்லை. மாசு செய்தவரைக் கண்டுபிடிப்பதும் எளிது: நுண்துளை கறுத்திருந்தால் சுண்ணாம்புப் பிரிவு, குமிழில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தோலுக்கு எண்ணெய் ஏற்றும் ஃபேட்லிக்கர் டிரம், புரதப் படலம் இருந்தால் பேட்டிங். பி.எச். அலகுக்கு 59 மில்லிவோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டிய மின்வாயின் சரிவு, கழுவி ஊறவைத்த பிறகும் 50க்குக் கீழேயே நின்றால், புது மின்வாயின் விலையை அந்தந்தப் பிரிவின் கணக்கில் எழுதலாம். கறை எதுவும் இல்லாமல் காய்ந்து கிடந்தால் மட்டும் பொறுப்பு ஆய்வகத்தையே சேரும். மூடி அவர்கள் மேஜை இழுப்பறையில்தான் இருக்கும்.