ஊசி போடும் நாளில் மட்டும் என் நாய்

கடைக்கு ஒரு நாய் வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் காட்டாங்குளத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்குக் கேட்காமலே வந்து சேரும் சொத்துகள் நிறைய உண்டு: மறந்துவிட்டுப் போன பென்டிரைவ், வாங்க ஆள் வராத ஸ்பைரல் பைண்டிங், பழைய பாக்கி. அந்த வரிசையில் ஏ4 பேப்பர் அட்டைப்பெட்டிக்குள் ஒரு கருப்புக் குட்டி வந்தது. கொண்டுவந்து வைத்தவர் பக்கத்து டீக்கடை மாஸ்டர்.

"பைரவர் வாகனம்ணே. தானா வந்திருக்கு. இனிமே வியாபாரம் பிச்சுக்கும்."

வியாபாரத்துக்கு முன்னால் என் செருப்பு பிய்ந்தது.

ஹார்டுவேர் கடைக்காரர் வந்து குட்டியைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தார். "அடடா, பொட்டை" என்று கீழே வைத்தார். அந்த நொடியில் பைரவரின் மார்க்கெட் சரிந்தது. கடுவன் குட்டிகள் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்துவிட, பொட்டைகள் மட்டும் சாக்குப்பையில் வந்து ரயில்வே லைன் ஓரம் இறங்குவது இந்த ஒரு வார்த்தையால்தான். இத்தனைக்கும், கேப்டன் சுந்தரம் 1959-ல் தொடங்கிய புளூ கிராஸ், 1964-லேயே சென்னையில் தெருநாய்க்குக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட ஆரம்பித்துவிட்டது. மத்திய அரசு அதை 2001-ல் விதியாக்கி, 2023-ல் புதிதாகவும் எழுதிவிட்டது. எங்கள் ஹார்டுவேர் கடை வரை தகவல் இன்னும் வரவில்லை.

நான் பைரவி என்று பெயர் வைத்தேன். அந்தப் பெயரில் அதை யாரும் கூப்பிட்டதில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் பொத்தேரியிலிருந்து இங்கே வரை எங்கே திரும்பினாலும் மாணவர்கள். பாதி இந்தியா இங்கேதான் படிக்கிறது. வடக்கத்திப் பையன்களுக்கு அது 'காலூ', ஆந்திரப் பிள்ளைகளுக்கு 'புஜ்ஜி', கேரளப் பெண்களுக்கு 'மோளே', மாஸ்டருக்கு 'ஏய்'. எல்லாவற்றுக்கும் வாலாட்டும். இத்தனை வருஷம் கடை நடத்தியும் எனக்கு 'தோனோ சைட்'டுக்கு மேல் இந்தி ஏறவில்லை. பிஸ்கட் கொடுத்துச் சொல்லித்தந்திருந்தால் ஏறியிருக்கும்.

மாட்டுப்பால் நிறைய குட்டிகளுக்கு வயிற்றைக் கலக்கிவிடும், சாக்லேட்டும் வெங்காயமும் ஆகவே ஆகாது என்று கால்நடை டாக்டர் சொன்னார். அதை அப்படியே அட்டையில் எழுதி, லேமினேஷன் போட்டு வாசலில் தொங்கவிட்டேன். எல்லாரும் அதை போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பிறகு பால் ஊற்றினார்கள். லேமினேஷனை பைரவி மென்றது.

அதையும் குறை சொல்ல முடியாது. குட்டிக்கு இருப்பது 28 பால் பல். நாலாம் மாச வாக்கில் அவை விழத் தொடங்கி 42 பல் முளைத்து முடியும் வரை ஈறு நமநமவென்று இருக்கும். அதற்கு ஸ்பைரல் சுருளைவிடச் சுகமானது கிடையாதாம். ஒரு பையனின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் முடிவுரைப் பக்கம் முழுக்கப் பல் தடம். பதறிப்போய் வேறு பிரிண்ட் எடுக்கப் போனேன். "வேணாம்ணா, அதை யாரும் படிக்க மாட்டாங்க" என்றான்.

மெஷின் ஓடும்போது மட்டும் பைரவி சாது. எதிரே உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, காதைக் கொடுத்துக் கேட்கும். நம் தாத்தாக்கள் 'நாய் மார்க்' என்று கேட்டு வாங்கிய எச்.எம்.வி. இசைத்தட்டில் கிராமபோன் முன்னால் ஒன்று உட்கார்ந்திருக்குமே, அதே போஸ். அது நிஜ நாய். பெயர் நிப்பர், 1884-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பிறந்தது. வருகிறவர்கள் காலைக் கவ்வியதால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். 1895-ல் செத்துப்போனது. ஓவியர் பிரான்சிஸ் பாரோ வரைந்த அதன் படத்தை கிராமபோன் கம்பெனி 1899-ல்தான் விலைக்கு வாங்கியது. உலகத்தின் பெரிய கடைநாய், செத்து நாலு வருஷம் கழித்துத்தான் வேலைக்கே சேர்ந்திருக்கிறது. சோறு கேட்காது, செருப்பைத் தொடாது, லீவும் எடுக்காது. அந்த முதலாளிக்கு யோகம்.

உயிரோடு இருக்கும் நாய்க்குக் கணக்கு வேறு. ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி, மூன்று நாலு வாரம் விட்டு பூஸ்டர், மூன்று மாசத்தில் வெறிநாய்க்கடிக்கான ஊசி, அப்புறம் வருஷாவருஷம். நடுநடுவே பூச்சி மாத்திரை. பேர் வைத்தவர்கள், பிஸ்கட் போட்டவர்கள், பால் ஊற்றியவர்கள் என்று அத்தனை பேரில் ஊசி நாளன்று ஒரு ஆள் கண்ணில் படவில்லை. கார்டில் 'உரிமையாளர்' என்று ஒரு கட்டம் இருந்தது. துணைக்கு வந்திருந்த ஹார்டுவேர்க்காரரைப் பார்த்தேன். "கடை உங்களுது. நாய் மட்டும் எப்படி என்னுது ஆகும்?" என்றார். பொட்டை என்று கீழே வைத்தவர்தான், இப்போது மத்தியானத் தயிர்சாதத்தில் பாதியை அதற்கு வைக்கிறவர். அந்தப் பாதியைப் பற்றிக் கேட்டால் அதற்கு வேறு பதில் வைத்திருப்பார்.

நேற்று மாஸ்டர் தானாகவே வந்தார்.

"அடுத்த ஊசி என்னைக்குண்ணே? சொல்லுங்க, நானே கூட்டிட்டுப் போறேன். நம்ம நாயாச்சே."

தேதியைச் சொன்னேன். காலண்டரைப் பார்த்தார்.

"அன்னிக்குக் கரிநாள்ணே."