மில்லிமீட்டர் மிட்டோமா

முந்தநாள் இரவு எங்கள் குடும்ப வட்ஸ்அப் குரூப்பின் படம் மாறிவிட்டது. ஹஜ்ஜுக்குப் போய்வந்த மூத்தம்மாவின் படம் இருந்த இடத்தில் ஜப்பான்காரன் ஒருவன் பந்தோடு நிற்கிறான். உதைபந்தாட்டக்காரன் கவோரு மிட்டோமாவாம். மாற்றியவன் ராத்தாவின் மகன். கேட்டால், "உங்களுக்கு விளங்காது மாமா" என்கிறான்.

ஏன் விளங்காது? 2022 கட்டார் உலகக் கிண்ணத்தில், ஸ்பெயினோடு ஆடும்போது, வெளியே போய்விட்டதென்று எல்லாரும் நினைத்த பந்தை மிட்டோமா உள்ளே தள்ளினான், அணித்தோழர் தனாக்கா கோலடித்தார். முதலில் இல்லை என்றார்கள். வீ.ஏ.ஆர். என்கிற வீடியோ நடுவர் பார்த்தால், பந்தின் விளிம்பு இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவாகக் கோட்டுக்கு மேலே நின்றது. ஜப்பான் 2-1. அதனால் அதே பிரிவிலிருந்த ஜேர்மனி மூட்டை கட்டியது.

அதிலிருந்து ராத்தாவின் மகனுக்கு மில்லிமீட்டர் வியாதி. சுபஹுக்குப் பிந்தி ஓடிவந்து, "ருகூவுல புடிச்சிட்டன் மாமா, மில்லிமீட்டர்ல" என்கிறான். பக்கத்து வளவுக்காரர் வேலியை நகர்த்தினால், "வீ.ஏ.ஆர். கேளுங்க" என்கிறான். எல்லைக்கோட்டைப் பற்றி நமக்கு ஜப்பான்காரனா பாடம் எடுப்பது? கல்முனை மாநகரசபையிலிருந்து பிரித்துச் சாய்ந்தமருதுக்குத் தனிச்சபை கேட்டு எத்தனை காலம்! 2018 தேர்தலில் ஊர் சுயேச்சைக் குழுவுக்கு அள்ளிப் போட்டது. 2020 பெப்ரவரியில் தனிச்சபைக்கு வர்த்தமானி வந்தது. கோல்! சில நாளில் கொழும்பில் வீ.ஏ.ஆர். பார்த்து நிறுத்திவிட்டார்கள். ஸ்பெயின்காரனுக்கு வயிறு எரிந்தது ஓரிரவு. நமக்கு ரீப்ளே இன்னும் ஓடுகிறது. கல்முனையில் கேட்டால் கோடு ஓரிடம், சாய்ந்தமருதில் கேட்டால் வேறிடம். கல்முனை வடக்குப் பிரதேச செயலகக் கதையை எடுத்தேனென்றால் இஷா தாண்டிவிடும். மில்லிமீட்டராம்!

சரி, சொல்லவந்தது இதுவல்ல.

மிட்டோமாவைப் பதினெட்டு வயதில் கவாசாக்கி ஃப்ரொன்டாலே கழகம் கூப்பிட்டது. இப்போது வேண்டாமென்று சுக்குபா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனான். பந்தைக் கடத்திப் போவதைப் பற்றியே ஆய்வுக்கட்டுரை எழுதினான். ஆடுபவர்களின் தலையில் கமராவைக் கட்டி, கண் எங்கே போகிறதென்று பார்த்தான். இந்தப் பகுதி மட்டும் எந்த ரீலிலும் வராது. எங்கள் ஆளிடம் சொன்னேன். உயர்தரப் பரீட்சை எடுக்கவேண்டியவன். பல்கலைக்கழகம் என்றதும் போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டான்.

போனில் பார்க்கிற கூட்டம் மைதானத்துக்கு வருவதில்லை. இந்திய உதைபந்தாட்ட அணியின் சுனில் சேத்ரி 2018 ஜூனில் கும்பிடாத குறையாக ஒரு வீடியோ போட்டார். மும்பையில் அவர் மூன்று கோல் அடித்த ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் இரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் பேர்தான். இணையத்தில் திட்டுவதை மைதானத்துக்கு வந்து முகத்துக்கு நேரே திட்டுங்கள் என்றார். அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் தீர்ந்துபோனது. நம் கல்முனைச் சந்தாங்கேணி மைதானத்தில் ஆடுகிற பிள்ளைகள் அப்படி ஒரு வீடியோ போட்டால் என்ன நடக்கும்? லைக் விழும். இதயம் விழும். ஆள் வராது.

அஸர் தொழுதுவிட்டு ஒருநாள் அந்தப் பக்கம் போங்கள். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பிள்ளைகள் பிழையாக ஆடினால் திட்டுங்கள், தாராளமாகத் திட்டலாம்.