காணாமற் போன கட்டு

அரசாங்கக் காகிதம் காணாமற் போவது அத்தனை சுலபமான காரியமன்று. கரையான் தின்றாலும், கூரை ஒழுகிக் கூழானாலும், பார்வைக்கு வாங்கிய மேலதிகாரி மாற்றலாகிப் போகையில் தம் சாமான்களோடு கட்டிக்கொண்டு போனாலும், அது போய்விட்டதென்று ஒருவர் எழுதிக் கையெழுத்திடும் வரையில் இலாகாவின் திருஷ்டியில் அது ரிக்கார்டு ரூமில் க்ஷேமமாகவே இருக்கிறது.

நான் குமாஸ்தாவாக இருந்த ஒரு தாலுகா ஆபீஸில் இந்தத் தத்துவத்தைப் பிரத்தியட்சமாகக் கண்டேன். மாட்டுப் பட்டி ஏலத்தைப் பற்றிய மொட்டை மனு ஒன்றின் கட்டை மேலாபீஸ் கேட்டிருந்தது. எடுத்துப் பார்த்தால், மேலட்டையும் கீழட்டையும் நாடாவின் முடிச்சும் கலையாமலிருக்க, காகிதம் இருந்த இடத்தில் புற்றுமண் இருந்தது.

"ரிப்போர்ட் எழுதிவிடட்டுமா, ஸார்?" என்று ரிக்கார்டு கீப்பரைக் கேட்டேன்.

பென்ஷனுக்குச் சில மாதங்களே பாக்கியிருந்த அம்மனிதர், "கரையான் தின்றதற்குக் கரையானிடமா விளக்கம் கேட்பார்கள், தம்பி? 'தேடப்பட்டு வருகிறது' என்று எழுது" என்றார்.

மத்திய அரசாங்கத்தார் 1993-இல் இயற்றிய பொது ஆவணச் சட்டம் இத்தகைய தயக்கத்துக்கு இடம் வைக்கவில்லை. ஆவணம் அனுமதியின்றி அழிந்தால் பொறுப்பதிகாரி தாமதமின்றி எழுத்து மூலம் அறிவித்தாக வேண்டும். விதிமீறி அழிப்பவருக்கு 5 வருஷம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1892-க்கு முந்திய காகிதத்தையோ, இனி எதற்கும் உதவாதென்று காப்பகத் தலைவர் கருதினாலொழிய, தொடவே கூடாது. கரையான் ஒன்றுதான் இந்த வருஷக் கணக்கைப் பார்ப்பதில்லை.

தேடுதல் வளர்ந்தது. எந்த அலமாரியில் தேடினீர், கடைசியாக வாங்கியவர் யார், அவர் கையெழுத்து எங்கே என்று நினைவூட்டுக்கு மேல் நினைவூட்டு வந்து, காணாமற் போன கட்டைவிட அதைத் தேடிய கட்டு மூன்று மடங்கு பருத்தது.

எங்கள் பக்கத்து ஆபீஸ்களில் முடிந்த காகிதங்களுக்கு ஆயுள் நிர்ணயம் உண்டு: எல்.டிஸ். என்றால் 1 வருஷம், கே.டிஸ். 3, டி.டிஸ். 10, ஆர்.டிஸ். என்றால் சிரஞ்சீவி. புதிதாக வந்த தாசில்தார் பதிவேட்டைப் புரட்டியபோது, அந்த மொட்டை மனு வெறும் கே.டிஸ். என்பதும், நாங்களே அதை எப்போதோ அழித்திருக்க வேண்டும் என்பதும் வெளிப்பட்டன. சர்க்காருக்குச் செலவில்லாமல் அவ்வேலையை முடித்த கரையான், அழிப்புப் பதிவேட்டில் கையெழுத்திடாதது ஒன்றே குற்றம். தாசில்தார் சற்று யோசித்து, தேடிய கட்டின் தலைப்பில் சிவப்பு மசியால் 'ஆர்.டிஸ்.' என்று எழுதினார்.