எல்ஸ் யாருடையது?

இப்போது டெர்மினலில் ‘ஓப்பாம் இன்ஸ்டால் மென்ஹிர்’ என்று ஒரு வரி தட்டினால் போதும், தேநீர் ஆறுவதற்குள் எல்லாம் வந்து சேர்ந்துவிடுகிறது. 2013-இல் ஓப்பாம் என்ற தொகுப்பு மேலாளர் வருவதற்கு முன்பே ஓகேமல் மொழியில் பழகியவர்களுக்கு அந்த ஒரு வரிக்குள் எத்தனை மாலைப்பொழுதுகள் அடங்கியிருக்கின்றன என்று தெரியும்: டார் கோப்பை இறக்கி, அவிழ்த்து, ரீட்மீயை வரி விடாமல் படித்து, மேக் கொடுத்து, அது கேட்கும் நூலகத்தைத் தேடிப் போய், அந்த நூலகம் கேட்கும் இன்னொன்றையும் தேடி...

அதனால் நாங்கள் பலர் கம்பைலரோடு கூடவே வந்த ஓகேமல்யாக்கோடு நின்றுவிட்டோம். பெல் ஆய்வகத்தில் 1970-களில் ஸ்டீவன் ஜான்சன் எழுதிய யாக்கின் வழிவந்தது அது. இலக்கண விதிகளைக் கொடுத்தால் பார்சரை எழுதித் தரும். விதிகள் முட்டிக்கொண்டால் ‘ஒரு ஷிஃப்ட்/ரிட்யூஸ் கான்ஃப்ளிக்ட்’ என்பதோடு பேச்சை முடித்துக்கொள்ளும். எங்கே, ஏன் என்று அறிய அவுட்புட் கோப்பைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பக்கம் பக்கமாகப் பார்சரின் ஸ்டேட்கள். ஓரத்தில் துளையிட்ட நீளக் காகிதத்தில் அச்சிட்டு, ஆய்வகத் தரையில் விரித்து, நண்பன் ஸ்டேட் எண்ணை உரக்கப் படிக்க, நான் பென்சிலால் கோடிழுத்துக்கொண்டே போக, இஃப்-க்குள் இருக்கும் இன்னொரு இஃப், பின்னால் வரும் எல்ஸ் தன்னுடையதா வெளியே இருப்பதனுடையதா என்று தெரியாமல் திகைத்து நிற்கும் இடம் ஒருவழியாகக் கண்ணில் படும். அந்தச் சந்தோஷம் உங்களுக்கும் ஒருநாள் வாய்த்திருக்கும்.

பிரான்சின் இன்ரியாவில் ஃபிரான்சுவா பொத்தியேவும் யான் ரெஜிஸ்-ஜியானாவும் உருவாக்கிய மென்ஹிர் என்ற பார்சர் ஆக்கி அந்தத் தேடலைத் தானே எடுத்துக்கொண்டது. விளக்கம் கேட்டால், எந்த டோக்கன் வரிசையில் சிக்கல் வருகிறது, அங்கே எந்த இரண்டு விதமாகப் பிரிக்க முடிகிறது என்று வரைந்தே காட்டிவிடும். விதியின் உறுப்புகளை டாலர் ஒன்று, டாலர் இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்த இடத்தில் பெயர் வைக்கலாம். 2019-இல், 4.08 பதிப்பில், ஓகேமல் கம்பைலரே தன் பார்சரை மென்ஹிருக்கு மாற்றிக்கொண்டது. நல்ல மாற்றம், இன்றைய மாணவர் யாரும் தரையில் உட்கார வேண்டியதில்லை. ஆனாலும் ஸ்டேட்களை ஊர்த் தெருக்களைப் போல மனப்பாடமாக அறிந்திருந்த அந்தப் பழக்கமும், பக்கத்தில் உரக்கப் படிக்க ஒருவன் இருந்ததும் போனதில் எனக்கு வருத்தம்தான்.

பாதி வருத்தத்தை மென்ஹிரே தீர்த்தது. பழைய பார்சரிடம் பெரும்பாலான தவறுகளுக்கு ‘சின்டாக்ஸ் எரர்’ என்ற ஒரே பதில்தான். மென்ஹிரோ, கேட்டால், பிழை நேரக்கூடிய ஸ்டேட் ஒவ்வொன்றையும் அங்கே கொண்டுவிடும் ஓர் எடுத்துக்காட்டோடு அடுக்கித் தருகிறது. அதற்குரிய பிழைச்செய்தியை மனிதர்தான் எழுத வேண்டும். இதுவரை எதைக் கடந்து வந்தோம், இனி எது வரலாம் என்று ஸ்டேட்டை நிதானமாகப் படிக்காமல் அதை எழுத முடியாது. காம்ப்செர்ட் என்ற சி கம்பைலரின் இலக்கணப் பிழைச்செய்திகளை அப்படித்தான் கையால் எழுதியிருக்கிறார்கள்.