முக்கோண மல்லிகை

என் அக்கா மகன் மதுரையில் பூ வியாபாரம் செய்கிறான். கடை கிடையாது, கூடை கிடையாது, பூவும் கிடையாது. ரோப்ளாக்ஸ் விளையாட்டில் உலவும் பொம்மை உருவங்களுக்கு மல்லிகைச் சரம் செய்து விற்கிறான். வெளியாட்களும் தொப்பி, இறக்கை, கொம்பு என்று செய்து விற்க அந்தத் தளம் 2019-இல் கதவைத் திறந்துவிட்டது.

வேலை லேசுப்பட்டதல்ல. பிளெண்டர் மென்பொருளில் எதைச் செய்தாலும் அது முக்கோணங்களின் கூட்டம். ஓர் அணிகலனுக்கு 4,000 முக்கோணம்தான் உச்சவரம்பு. மொட்டுக்கு 60 என்றால் 66 மொட்டோடு கதை முடிந்தது. நாருக்கு எங்கே போவது? பையன் காம்பை வெட்டினான், இதழைச் சீவினான். தலையோடு ஒட்டுகிற பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று அங்கே பூவே வைக்கவில்லை. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் முழம் போடும்போது முழங்கை மெல்ல மடங்குமே, அந்தத் தொழில் நுணுக்கம் இவனுக்கு யாரும் சொல்லித்தராமலே வந்துவிட்டது.

என் அம்மா கணினியை எட்டிப் பார்த்தார்.

"இது வாடுமாடா?"

"எத்தனை வருஷமானாலும் வாடாது, பாட்டி."

"அப்ப ஒருத்தி ஒரு தடவை வாங்கினா போதுமே. நாளைக்கு உன்கிட்ட யாரு வருவா?"

பையன் பதில் சொல்லாமல் வரவுசெலவைத் திறந்தான். சரம் 100 ரோபக்ஸ்; அதுதான் அந்த விளையாட்டின் நாணயம். செய்தவனுக்கு 30, மற்றதெல்லாம் தளத்துக்கும் விற்றுக்கொடுத்த இடத்துக்கும். சம்பாதித்ததைக் காசாக்க 30,000 ரோபக்ஸாவது சேர வேண்டும். அதாவது, ஆயிரம் தலை பூ வைத்தால் நூறு டாலர் சொச்சம்.

அவன் நம்பிக்கை இழக்கவில்லை. 2021-இல் குச்சி (Gucci) நிறுவனத்தின் டிஜிட்டல் கைப்பை ஒன்று, ரோப்ளாக்ஸில் கைமாறியபோது 4,000 டாலருக்கு மேல் போனது. கடையில் விற்ற நிஜப் பையைவிட அது விலை அதிகம்.

"அதுல சில்லறை போட்டு வைக்கலாமா?" என்றார் அம்மா.

நாளைக்கு யார் வருவார் என்ற அவருடைய கேள்விக்கு இப்போது விடை கிடைத்துவிட்டது. பூ வாடாவிட்டாலும் பிள்ளைகளின் ஆசை வாரத்துக்கு ஒருமுறை வாடுகிறது. மல்லிகை வாங்கியவர்கள் டிராகன் கொம்பு கேட்கிறார்கள். பையன் கொம்பு சீவிக்கொண்டிருக்கிறான்.

உங்கள் வீட்டிலும் ரோபக்ஸ் கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளை இருந்தால் திட்டாதீர்கள். கொம்போடு ஒரு முழம் மல்லிகையும் சேர்த்து வாங்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே கடையில் கிடைக்கும்.