அட்வான்ஸ் புக்கிங் பெரியப்பா

மேட்டூர் அணையில் தண்ணீர் 40 அடிக்கு இறங்கினால் பெரியப்பாவுக்குச் சோறு இறங்காது. "ஜூன் 12க்குத் திறக்க மாட்டாங்க போலிருக்கே, குறுவை என்னாகும்?" என்பார். அவருக்கு ஒரு குழி நிலம் கிடையாது. உறையூரில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறார். விவசாயம் என்று பார்த்தால் பால்கனியில் ஒரு துளசித் தொட்டி. சரி, மழை பெய்து அணை 120 அடியும் நிரம்பிவிட்டதே, இனியாவது முகம் மலரும் என்று பார்த்தால், "உபரித் தண்ணியைத் திறந்துவிட்டா கொள்ளிடம் தாங்குமா?" என்று டிவி முன்னால் நின்றுகொண்டிருப்பார். உட்காரக்கூட மாட்டார். இந்த மனிதர் நிம்மதியாக இருப்பதற்கு மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர் இருக்க வேண்டும் என்று பெரியம்மா கல்யாணமான நாளிலிருந்து கணக்குப் போடுகிறார். விடை வரவில்லை.

பெரியப்பா என்று நான் சொல்வது ஒரு ஆளை அல்ல. உங்கள் வீட்டில் அவர் அத்தையாக இருக்கலாம், மாமனாராக இருக்கலாம், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஐ.டி. பையனாகக்கூட இருக்கலாம். கவலைப்படுகிற இந்த உத்தியோகத்துக்கு வயது வரம்பு இல்லை, ஓய்வும் இல்லை. எழுத வசதியாகப் பெரியப்பா என்று வைத்துக்கொள்கிறேன்.

2024 நவம்பரில் ரயில்வே, டிக்கெட் முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தது. பெரியப்பா குறைக்கவில்லை. சென்னையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவதென்றால் நாலு மாதம் முன்பே கவலையை புக் செய்துவிடுவார். டிக்கெட் கிடைக்குமா என்பது முதல் கட்டம். கிடைத்துவிட்டால் இரண்டாம் கட்டம். லோயர் பெர்த் வந்தால், "கைக்குழந்தையோட யாராவது வந்து மாத்திக்கச் சொன்னா எப்படி மாட்டேன்னு சொல்றது?" அப்பர் பெர்த் வந்தால் முழங்கால்.

புறப்படும் நாள் வீட்டைப் பூட்டுவது தனிப் படலம். முதலில் காஸ். ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டருக்கு மூடி போட்டு, குனிந்து மோந்து பார்ப்பார். சமையல் காஸுக்குத் தனியாக மணம் கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்று மெர்காப்டன் கலக்கிறார்கள் என்று எங்கோ படித்துவிட்டார். அன்றிலிருந்து, "ஜலதோஷம் பிடிச்சிருக்கிற அன்னிக்குக் கசிஞ்சா?" என்று ஒரு கிளைக் கவலை முளைத்திருக்கிறது. சிலிண்டரின் கைப்பிடிக்குக் கீழே பட்டையில் C-27 என்பதுபோல ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். 2027 ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் அது மறுசோதனைக்குப் போக வேண்டும் என்று அர்த்தம். நம்மில் பாதிப் பேர் அதைப் பார்த்ததே இல்லை. பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதைப் படித்து முடிக்கும்வரை சிலிண்டர் கொண்டுவந்த பையன் வாசலில் நிற்க வேண்டும். நியாயமாகச் சொன்னால் இது நல்ல பழக்கம்தான். அவரிடம் உள்ள சிக்கலே அதுதான், கவலையில் பாதிக்குப் பாதி நல்ல பழக்கமாக இருந்து தொலைக்கிறது.

பிறகு பூட்டு. மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நாலாவது முறை இழுப்பார். மருமகன் பொறுக்க மாட்டாமல், "பூட்டை போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க மாமா" என்று யோசனை சொன்னார். பெரியப்பா எடுத்துக்கொண்டார். வண்டி விழுப்புரம் தாண்டியதும் நடுராத்திரியில் பெரியம்மாவை எழுப்பி, "ஏம்மா, இது இன்னிக்கு எடுத்த போட்டோவா, போன தடவை எடுத்ததா?" என்று கேட்டார்.

ஸ்டேஷனுக்குப் போவதும் ஒரு படலம்தான். அவர் ஏறும் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் கிளம்புவதே திருச்சியிலிருந்துதான். நம்மை விட்டுவிட்டு வேறெங்கிருந்தோ அது வந்து போய்விட வழியில்லை. ஆனாலும் விளக்கு வைக்கும் நேரத்துக்கே இட்லிப் பொட்டலத்தோடு பிளாட்பாரத்தில் இருப்பார். அவருடைய வண்டி வருவதற்குள் மூன்று நான்கு வண்டிகளை வழியனுப்பி வைத்துவிடுவார். பெரியம்மாவுக்குத் திருச்சி ஜங்ஷன் பெஞ்சுகள் எல்லாம் பிறந்த வீடு மாதிரி.

போனில் அவர் பேசும் முதல் வாக்கியம் எப்போதும் ஒன்றே: "பயப்படாதேம்மா, ஒண்ணுமில்லை." ராத்திரி பதினோரு மணிக்கு இதைக் கேட்ட எந்தப் பெண் பயப்படாமல் இருப்பாள்? மகளுக்கு நெஞ்சு அடித்து அடங்குவதற்குள் அடுத்த வாக்கியம் வரும்: "உங்க மொட்டை மாடி டேங்க் மூடி சரியா மூடியிருக்கான்னு பாரு."

தேதித்தாளில் அவர் முதலில் பார்ப்பது தேதியை அல்ல, சந்திராஷ்டமத்தை. ஒருவருக்கு மாதம் இரண்டேகால் நாள். தனக்கு மட்டும் பார்த்தால் போதாதா? பெரியம்மா, மகன், மகள், மருமகன், பேத்தி என்று தன்னையும் சேர்த்து ஆறு பேருக்கும் பார்ப்பார். ஆறு இரண்டேகால் பதின்மூன்றரை. ராசி ஒத்துப்போகாத புண்ணியத்தில், கிட்டத்தட்ட அரை மாதம் இப்படியே அடிபட்டுப் போகும். மீதி அரை மாதம் நல்ல நாள். "எல்லாம் நல்லாத்தான் போகுது, அதான் பயமா இருக்கு" என்று அதைக் கழிப்பார். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை சரியாக இருந்தால் லேப் மேல் சந்தேகம்.

இவரைத் திருத்த முடியாமல் போனதற்கு முக்கொம்பு ஒரு காரணம். 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை. "பழைய மதகு, ஒரு நாள் போகப் போகுது" என்று வெள்ளம் வந்தபோதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்துப் பக்கம் 9 மதகுகள் நிஜமாகவே அடித்துக்கொண்டு போயின. அவ்வளவுதான், வீட்டில் இனி யாரும் வாயைத் திறக்க முடியாது. பலிக்காத கவலைகளுக்கும் அவரிடம் பதில் இருக்கிறது: "நான் கவலைப்பட்டேன், அதான் ஒண்ணும் ஆகலை." நடந்தால் தீர்க்கதரிசி, நடக்காவிட்டால் காவல்தெய்வம். தோற்கவே முடியாத ஆட்டம் இது. தோற்காத ஆட்டத்தை எவன் பாதியில் விட்டு எழுந்திருப்பான்?

மகள் படித்தவள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்து உளவியலாளர் தாமஸ் போர்க்கோவெக்கும் அவருடைய குழுவினரும் 1983இல் எழுதிய ஒரு வழியை அப்பாவுக்குச் சொன்னாள். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி கவலைக்கென்று ஒதுக்க வேண்டும். மற்ற நேரத்தில் கவலை வந்தால், "அப்புறம் வா" என்று தள்ளிவைத்துவிட்டுக் கையில் இருக்கிற வேலையைப் பார்க்க வேண்டும். நல்ல வழிதான். பெரியப்பாவும் ஒப்புக்கொண்டு மாலை ஐந்து மணி, பால்கனி நாற்காலி என்று முடிவு செய்தார். சனிக்கிழமை வரை நன்றாகத்தான் போனது. ஞாயிற்றுக்கிழமை நாலரை முதல் ஆறு வரை ராகுகாலம். அந்த நேரத்தில் கவலைப்பட்டால் பலித்துவிடுமோ என்று மதியமே ஆரம்பித்தவர், அதோடு பழையபடி நேரங்காலமில்லாத கவலைக்கே திரும்பிவிட்டார்.

அமெரிக்காக்காரர் சொல்லியும் ஆகாத காரியம் போன தை மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஜெனரேட்டர் ஓடுமா, மாப்பிள்ளை வேன் சமயபுரம் டோல்கேட்டில் மாட்டிக்கொண்டதா, இலை பத்துமா என்று பெரியப்பா காலையிலிருந்து சுற்றிக்கொண்டிருந்தார். இரண்டாம் பந்தியில் பரிமாறும் பையன் ஒருவன் எங்கோ போய்விட, சமையல்காரர் யாரென்று பார்க்காமல் இவர் கையில் ரச வாளியைத் திணித்துவிட்டார். கொதிக்கிற வாளி. சாதத்தைக் குழித்துக்கொண்டு வரிசையாகக் காத்திருக்கும் இலைகள். "சாதத்துல விடவா, கையில ஊத்தவா?" என்று குனிந்து குனிந்து கேட்டுக்கொண்டே போனார். மூன்றாம் பந்தியில் ஒரு தாத்தா உள்ளங்கையைக் குவித்து மூன்று தடவை வாங்கிக் குடித்துவிட்டு, "பலே" என்றார். பெரியப்பா சிரித்தார். பல் தெரிய, வாளி ஆட. வேட்டியில் ரசம் சிந்தியதைக்கூடக் கவனிக்கவில்லை. லீவு கிடைக்காமல் சென்னையிலேயே இருந்துவிட்ட மகள் இரண்டு முறை போன் செய்தாள். அப்பா எடுக்கவில்லை. என்ன ஆயிற்றோ என்று பதறிப்போய் மண்டபத்து மேனேஜர் நம்பரைத் தேடிப் பிடித்துவிட்டாள். பரம்பரை எங்கே போகும்?

"கவலைப்படாதே" என்று சொல்லி இதுவரை ஒருவரும் கவலையை விட்டதில்லை. அந்த வார்த்தையைக் கேட்டதும், நமக்குத் தெரியாமல் ஏதோ இருக்கிறது என்றுதான் தோன்றும். அதனால் உங்கள் வீட்டுப் பெரியப்பாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். அடுத்த கல்யாணத்தில் கையில் ஒரு ரச வாளியைக் கொடுத்துப் பந்திக்கு அனுப்பிவிடுங்கள். பாயச வாளி மட்டும் வேண்டாம். கடைசி இலை வரை பத்துமா என்று அங்கேயே நின்றுவிடுவார்.