அறுப்பதற்கு முன் ஒரு கணக்கு

கேள்வி: பெரிய துண்டுகளை முதலில் அறுத்தால் மரம் மிச்சமாகும் என்பார் என் அப்பா. சரிதானா?

பதில்: பெரும்பாலும் சரி, எப்போதும் அல்ல. கையில் பத்தடிச் சட்டங்கள். நாலடியில் 2, மூன்றடியில் 4 துண்டுகள் வேண்டும். அப்பா வழியில் முதல் சட்டத்தில் இரண்டு நாலடி, அடுத்ததில் மூன்று மூன்றடி. மீதமுள்ள ஒரே துண்டுக்காக மூன்றாவது சட்டத்தில் வாள் வைக்க வேண்டும். ஒரு நாலடியோடு இரண்டு மூன்றடியைச் சேருங்கள்: இரண்டே சட்டத்தில் வேலை முடிந்தது.

கேள்வி: கூட்டினால் அளவு சரியாக வருகிறது. ஆனால் கடைசித் துண்டு மட்டும் குறைகிறதே?

பதில்: வாள் தின்றதைக் கூட்டவில்லை நீங்கள். ஒரு வெட்டுக்கு 3 மி.மீ. தூளாகப் போனால் இரண்டு வெட்டுக்கு 6 மி.மீ. மேலே சொன்ன சட்டமும் பத்தடிக்கு அவ்வளவாவது கூட இருந்தால்தான் தப்பும். ஒவ்வொரு துண்டோடும் 3 மி.மீ. சேருங்கள், சட்டத்தின் நீளத்தோடும் ஒரு 3 மி.மீ. சேருங்கள். பிறகு கூட்டினால் பிசகாது.

கேள்வி: மரம் அறுக்க கணிதப் பேராசிரியர் எதற்கு?

பதில்: லெனின்கிராடில் ஒட்டுப்பலகைத் தொழில்காரர்களே பேராசிரியரைத் தேடிப் போனார்கள். 8 இயந்திரங்கள், 5 வகை மரம். எதை எதில் எவ்வளவு நேரம் ஓட்டினால் அதிகம் விளையும்? இந்தக் கேள்வியிலிருந்து அந்தப் பேராசிரியர், லியோனிட் கான்டரோவிச், 1939-இல் ஒரு சிறு நூலே எழுதினார். வெட்டுக் கழிவைக் குறைக்கும் வழியும் அதில் உண்டு. 1975-இல் பொருளாதார நோபலை கூப்மன்ஸுடன் பகிர்ந்துகொண்டார். பட்டறையின் கேள்வியைச் சின்னதென்று தள்ளாத அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

கேள்வி: இருபது முப்பது அளவுகள் என்றால் சேர்க்கைகள் கணக்கில் அடங்காதே?

பதில்: அடங்காது. 1961-இல் கில்மோர், கோமரி என்ற இருவர் அழகான வழி சொன்னார்கள்: எல்லாவற்றையும் எழுதாதே. சில வெட்டுமுறைகளோடு தொடங்கு. அவற்றை வைத்து ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மதிப்புப் போடு. ஒரு சட்டத்துக்குள் அடங்கி, அந்தச் சட்டத்தின் விலையைவிடக் கூடுதல் மதிப்புத் தரும் புதிய சேர்க்கை உண்டா என்று தேடு. கிடைத்தால் சேர்த்துக்கொள், கிடைக்காவிட்டால் நிறுத்து. விடை பின்னத்தில் வரலாம், அரைச் சட்டம் அறுக்க முடியாது. அதை முழு எண்ணாக்கும் வேலை மட்டும் மிச்சம்.

கேள்வி: கழிவு எப்படியும் மூன்றடி என்றால் எப்படி அறுத்தால் என்ன?

பதில்: ஓரடியாக மூன்று கிடந்தால் அடுப்புக்குப் போகும். மூன்றடியாக ஒன்றே கிடந்தால், ஒன்றரை அடி ஸ்டூலுக்கு ஒரு கால் போக இன்னொரு காலுக்கும் ஏறக்குறைய வரும். வாள் தின்றதுதான் குறையும்.